ஓரகத்தியின் கைக்கு ஒரு பாலிசி

அருணாதேவி நல்லவள் என்று யாராவது சொன்னால் எனக்கு அடிவயிற்றில் மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். அவள் கெட்டவள் என்று நான் சொல்ல வரவில்லை. கெட்டவளாக இருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி! நாலு பேரிடம் சொல்லித் திட்டித் தீர்த்திருப்பேன். சொல்லித் திட்ட ஒரு குறைகூட அவளிடம் அகப்படவில்லை என்பதுதான் என் பாடு.

அவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் இசக்கிப்பாண்டி மூத்தவர், அவள் புருஷன் பெத்தணன் இளையவன். சிவகாசிக்கு வெளியே விருதுநகர் போகிற ரோட்டோரம் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. பாகம் பிரித்தபோது நடுவில் இடுப்பளவு சுவர் எழுப்பி, அதற்கு மேலே கம்பி வலை அடித்துவிட்டார்கள். இந்தப் பக்கம் எங்கள் பஞ்சிங் மிஷின், அந்தப் பக்கம் அவர்களுடையது. வலை என்றால் என்ன மறைக்கும்? அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். அவள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் என்ன குழம்பு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பஞ்சிங் மிஷினைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது ஒரு பெரிய இரும்பு வாய். திறக்கும், மூடும், திறக்கும், மூடும். திறந்திருக்கிற நேரத்தில் அச்சடித்த அட்டையை வலது கையால் உள்ளே வைக்க வேண்டும், வெட்டி முடிந்ததை இடது கையால் எடுக்க வேண்டும். புஸ்வாணப் பெட்டி, சங்குசக்கரப் பெட்டி, காலண்டர் அட்டை எல்லாம் இப்படித்தான் வெட்டுப்படும். கை உள்ளே இருந்தால் வாயை மூடவிடாமல் தடுக்க முன்னால் ஒரு கம்பி இருக்கும். அது இருந்தால் வேலை மெதுவாகும் என்று எங்கள் பக்கத்தில் அதை மேலே தூக்கிக் கட்டி வைத்திருந்தோம். இந்த வட்டாரத்தில் பாதிப்பேர் அப்படித்தான். அருணா மட்டும் கட்டவில்லை.

அட்டை லோடு அனுப்புகிறவர் கம்பெனிக்காரர் காசிராஜன். அவர் வழக்கம் ஒன்றே ஒன்றுதான். ஒரு பக்கம் மிஷின் நின்றால் லோடு மறுபக்கம் போய்விடும். சீசன் நேரத்தில் யாருக்காகவும் அவர் காத்திருக்க மாட்டார். எங்களுக்குக் காடு கரை ஒன்றும் கிடையாது. மிஷினில் ஒரு கை நின்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும். கை நின்றுபோனால் எங்கள் சோறு வலையைத் தாண்டி அருணாவின் பக்கம் போய்விடும். பாகம் பிரித்த நாளிலிருந்து எனக்கு இருந்த பயம் இது ஒன்றுதான்.

அருணா மல்லாங்கிணற்றுக்காரி. மானாவாரிக் காட்டில் களை பறித்து வளர்ந்தவள். வந்த புதிதில் மிஷின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். பெத்தணனுக்கு அப்போதே முதுகுவலி. நின்று வேலை பார்க்க முடியவில்லை என்று அவன் லோடு ஆட்டோ ஓட்டப் போனான். இனி அந்தப் பக்கம் மிஷின் துருப்பிடிக்கும், லோடு முழுக்க நமக்குத்தான் என்று நான் நினைத்தேன். பொய் சொல்வானேன், சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலையில் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிஷின் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையிலும் வளையல் இல்லை. கழற்றி ஜன்னலில் வைத்திருந்தாள்.

“தாலி கட்டுன பொம்பள மொட்டக் கையோட நிக்கிறியே, பாக்க நல்லாவா இருக்கு?” என்றேன்.

“மிஷின் என்னயப் பொண்ணு பாக்கவா வந்துருக்கு, யக்கா?” என்று சிரித்தாள்.

அவள் சிரிப்பு அப்படித்தான். நாம் குத்திவிட்டு நிற்போம், அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். குத்திய நமக்குத்தான் கை வலிக்கும்.

அவள் வெட்டிய அட்டையில் பிசிறு இருக்காது. காசிராஜன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இந்தா, இப்பிடி இருக்கணும்” என்று எங்கள் பக்கம் நீட்டிக் காட்டுவார். பெண்கள் பேரில் தொழில் நடத்தினால் லோன் கிடைக்கும் என்று பெத்தணன் மிஷினையே அவள் பேருக்கு மாற்றிவிட்டான். ஆக, பேப்பரிலும் அவள்தான் முதலாளி.

எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. எங்கள் கொட்டகைப் போர்டு. ‘ஸ்ரீ வீரலட்சுமி பஞ்சிங் ஒர்க்ஸ்’ என்று சிவப்பு எழுத்தில் என் பேரை எழுதி வைத்திருந்தார் வீட்டுக்காரர். பொண்டாட்டி பேரில் கடை வைத்தால் விளங்கும் என்று இந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. பேப்பரெல்லாம் அவர் பேரில்தான். மிஷினில் நிற்பது? அதைச் சொன்னால்தான் மானக்கேடு. அவர் காலையில் பூஜை போட்டு மிஷினை ஓடவிடுவார். பிறகு டை, அதாவது மிஷினில் மாட்டுகிற வெட்டு அச்சு, செய்கிறவரிடம் போவார், கம்பெனிக்குப் போவார், வெட்டியதைக் கொண்டுபோய்ப் போடுவார், டீக்கடையில் நாட்டு நடப்பு பேசுவார். அவர் கொட்டகையை விட்டு இறங்கியதும் நான் போய் நிற்பேன். அவர் வரும்வரை நிற்பேன். அவர் வருவது பெரும்பாலும் சாப்பிடத்தான்.

இப்படி இருக்கையில்தான் சபரிநாதன் வந்தான். விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கிற குடும்பத்துப் பையன். மண்டியில் உட்காரப் பிடிக்காமல் இன்சூரன்ஸ் ஏஜென்டாகி பைக்கில் அலைகிறவன். முதலில் அவன் ஏறியது அருணாவின் பக்கம்தான். எல்லாரும் அப்படித்தான்.

“யக்கா, கம்பெனியில வேலை பாக்குறவுகளுக்கு ஈஎஸ்ஐ இருக்கு. அடிபட்டா அங்கன பாத்துக்கிடுவாக. உங்களுக்கு மொதலாளியும் நீங்கதான், வேலைக்காரியும் நீங்கதான். நாளைக்கு நீங்க படுத்துட்டா உங்களுக்கு யாரு சம்பளம் குடுப்பா?”

அருணா மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். “காச்சல் வந்து படுத்தாலும் குடுப்பீகளா?”

“இல்லக்கா. இது விபத்துக்கு மட்டுந்தான். காச்சலுக்கு வேற பாலிசி. கை கால்ல அடிபட்டு வேலை பாக்க முடியலைனா, முடியாத வாரத்துக்கெல்லாம் வாரம் இம்புட்டுனு வரும். கையோ காலோ ஒரேயடியாப் போயிருச்சுனா மொத்தமா ஒரு தொகை.”

“மிஷின்ல நிக்கிறேன்னு தெரிஞ்சே குடுப்பாகளா?”

“உள்ளதச் சொல்லித்தான் எடுக்கணும். கட்டுற பணம் கொஞ்சம் கூட வரும். மறைச்சு எடுத்தா நாளைக்குக் கைய விரிச்சிருவாக.”

என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் காலையில் தொழிலைத் தொடங்கும்போது விபத்து என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டோம். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள் ‘போயிட்டு வாரேன்’ என்பதில் வாரேனை அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார்கள். இவள் என்னடாவென்றால் விலை பேசுகிறாள்.

வலைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். “ஏ அருணா, கை போகும் காலு போகும்னு காசு குடுத்து எழுதி வாங்குறியே, ஒனக்கு எதும் கிறுக்கா? வேலியில போற ஓணான எடுத்து மடியில கட்டுவாகளா?”

“கொடை வாங்கி வச்சா மழை வந்துருமாக்கா?” என்றாள் அவள். சபரிநாதன் சிரித்தான். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அவள் எடுத்துவிட்டாள். அன்று சாயங்காலம் பெத்தணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். “எங்க வீட்டுக்காரி கைக்குப் பாலிசி போட்டுருக்கோம், மதினி!” என்று என்னிடமும் வந்து சொன்னான். கைக்கு வைரத்தில் காப்பு வாங்கிப் போட்டவன்கூட இவ்வளவு பீற்றிக்கொள்ள மாட்டான். நான் பாத்திரத்தை ஓங்கி வைத்தேன். என் கையை அது பிறந்ததிலிருந்து யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

மறு வருஷம் ஆனி மாதம். பெத்தணனின் ஆட்டோவிலிருந்து அட்டைக் கட்டு ஒன்று சரிந்து அருணாவின் பாதத்தில் விழுந்தது. எலும்பு விட்டுவிட்டது. மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். நான் மிளகு ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது என் மனசில் ஓடியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீபாவளிச் சீசன் நமக்குத்தான் என்று ஓடியது.

அந்த வாரம் லோடு எங்கள் பக்கம்தான் இறங்கியது. அடுத்த வாரமும் இறங்கியது. அதற்கப்புறம் பார்த்தால் அருணாவின் மிஷின் ஓடுகிறது! எட்டிப் பார்த்தேன். பக்கத்துத் தெரு இருளம்மாள் நின்று அட்டை வைத்துக்கொண்டிருந்தாள். பாலிசியில் வாரப்பணம் வரத் தொடங்கிவிட்டதாம். வீட்டுச் செலவு அதில் நடக்கும் என்று, இருளம்மாளைக் கூலிக்கு வைத்துவிட்டாள். இவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, “இருளம்மாக்கா, ஓரத்தப் பாத்து வைங்க, கம்பிய அவுத்துறாதீக” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் பெத்தணன் ஆரஞ்சுப்பழம் உரித்துச் சுளை சுளையாகக் கொடுக்கிறான். எனக்குப் பிரசவம் ஆனபோதுகூட யாரும் ஒரு பழம் உரித்துத் தந்ததில்லை.

காலொடிந்து உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து வயிறெரிந்தவள் இந்த விருதுநகர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காசிராஜன் லோடை மறுபடியும் அந்தப் பக்கம் பாதி பிரித்துவிட்டார். அடிபட்டும் அவள் விழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டுக்காரரைப் பிடுங்கத் தொடங்கினேன். சோறு போடும்போது சொல்வேன், தண்ணீர் கொடுக்கும்போது சொல்வேன். “உங்க தம்பி பொண்டாட்டி ஒத்தக் காலுக்கே அம்புட்டு மருவாதி. நம்ம வீட்டுல என்ன இருக்கு? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யார் வாசல்ல போயி நிக்க?”

“அன்னைக்கு ஓணான்ங்கிற, மடிங்கிற. இன்னைக்கு நீயே பிடிச்சு வான்னு நிக்கிற” என்றார் அவர்.

“அவளே பிடிச்சுட்டா. நமக்கு என்ன கொறச்சல்? அவ போட்டதுக்கு மேல பெரிசாப் போடுங்க.”

அவரும் மனுஷர்தானே, தம்பியைவிட ஒரு படி மேலே நிற்க ஆசை இருக்காதா. சபரிநாதனை வரச் சொன்னார். நாற்காலி போட்டு, சுக்குக்காப்பி கொடுத்து, உட்கார வைத்தோம். அவன் அவர் விவரமெல்லாம் எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

“அண்ணாச்சிக்குப் போட்டாச்சு. யக்கா, நீங்களும் மிஷின்ல நிக்கிறீகள்ல? நான் வரும்போதெல்லாம் நீங்கதான நின்னீக. உங்களுக்கும் சேத்து எடுத்துருவோமா?”

சரியாக அந்த நேரம் பார்த்து அருணாவின் மிஷின் நின்றது. கால் கட்டைப் பிரித்து மறுபடி நிற்கத் தொடங்கியிருந்தவள், துணியை எடுத்து எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தாள். காது இங்கேதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மிஷினில் நிற்கிறவள் என்று நான் இப்போது சொன்னால், நானும் அவளும் ஒன்றாகிவிடுவோம். புருஷன் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் என்ற ஒரு மதிப்புதான் அவளிடம் இல்லாதது. அதையும் விட்டுக்கொடுப்பேனா?

“நானா?” என்றேன், வலையைத் தாண்டிக் கேட்கிற மாதிரி. “நான் எதுக்குப்பா மிஷின்ல நிக்கணும்? எனக்கு என்ன தலையெழுத்தா? எங்க வீட்டுக்காரர் கை நல்லாத்தான இருக்கு. நான் வீட்டுல சும்மாதான் இருக்கேன். அங்கிட்டு மாதிரி இங்கன பொம்பள சம்பாத்தியத்துல அடுப்பு எரியல.”

சபரிநாதன் என் கையைப் பார்த்தான். அட்டை கிழித்த கோடுகளும் நகக்கண்ணில் ஏறிய மையும் அதில் கிடந்தன. நான் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

“வீட்டுல இருக்கவுகளுக்குன்னா வாரப்பணம் வராதுக்கா. தொழில்னு எழுதுனாத்தான் வரும். அதுக்குத்தான் கேக்கேன்.”

வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவ சொல்றது சரிதான்ப்பா. அவ வீட்டுல இருக்கவ. எம்பேருக்கு மட்டும் போடு. பெரிசாப் போடு.”

அன்று நான் பக்கோடா பொட்டலம் வாங்கி அருணாவுக்கும் கொடுத்தேன். எவ்வளவுக்குப் போட்டிருக்கிறோம் என்பதைப் பக்கோடாவோடு சேர்த்துச் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் வாடியிருந்தால் என் ஜென்மம் சாபல்யம் ஆகியிருக்கும். “நல்லதுக்கா” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கும் எடுத்திருக்கலாம்லக்கா” என்றாள்.

“ஒன் சோலியப் பாரு” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புரட்டாசி வந்தது. தீபாவளி நெருங்க நெருங்க இந்த ரோட்டில் லாரி நிற்காது. வீட்டுக்காரர் டை சரியில்லை என்று அதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். போகும்போது வேறு டையை மாட்டிவிட்டுப் போனார். நான் நின்று சங்குசக்கர அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்கு வேலை பார்க்கும். இத்தனை வருஷப் பழக்கத்துக்கு அட்டையைப் பார்க்கக்கூட வேண்டாம். திறந்தால் வைக்கணும், மூடித் திறந்தால் எடுக்கணும்.

காசிராஜனின் வேன் வரும் சத்தம் கேட்டது. தங்க ஜிகினாத்தாள் ஒட்டிய பரிசுப் பெட்டி அட்டை அந்த வருஷம் புதிதாக வந்திருந்தது. அதற்குக் கூலி அதிகம். எங்களுக்குத்தான் தர வேண்டும் என்று அவரிடம் போன வாரமே நான் வாயைவிட்டுக் கேட்டிருந்தேன். வேன் எங்கள் வாசலைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் நின்றது. கதவு திறந்தது. மினுமினுவென்று ஒரு கட்டு இறங்கியது. இன்னொரு கட்டு இறங்கியது. எத்தனைதான் இறக்குகிறார்கள் என்று கழுத்தை நீட்டி வலை வழியாகப் பார்த்தேன்.

கண் அங்கே இருந்தது. கை இங்கே இருந்தது.

முதலில் வலிக்கவில்லை. மிஷினின் சத்தம்தான் மாறியது. அட்டை வெட்டும் சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. எனக்குப் புரியும் முன்னாலேயே அருணாவுக்குப் புரிந்துவிட்டது. வாசலைச் சுற்றி ஓடிவந்து மெயின் சுவிட்சை இழுத்துவிட்டாள். சக்கரத்தைக் கையால் பின்னால் சுற்றி வாயைத் திறந்தாள். தன் முந்தானையைக் கிழித்து என் கையைச் சுருட்டினாள். நான் குனிந்து பார்க்கப் போனேன்.

“கையப் பாக்காதீகக்கா! என் மூஞ்சியப் பாருங்க. என்னயவே பாருங்க!” என்று அதட்டினாள்.

பார்த்தேன். எந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியுமோ அந்த முகத்தை, ஆஸ்பத்திரி போகிற வரைக்கும், பெத்தணனின் ஆட்டோவில் அவள் மடியில் தலைவைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அழவில்லை.

வலது கையில் நடு மூன்று விரலும் போய்விட்டன. பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

வீட்டுக்காரர் டையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவருக்குப் பாலிசி ஞாபகம் வந்துவிட்டது. “பெரிசால்ல போட்டுருக்கோம். நீ ஒண்ணும் கவலப்படாத” என்று சொல்லி சபரிநாதனுக்குப் போன் போட்டார். அவன் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் முகத்தைப் பார்த்தவுடனேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் தெரியவில்லை.

“அண்ணாச்சி, அடிபட்டது அக்காவுக்கு. பாலிசி உங்க பேர்ல.”

“அதுக்கென்ன? எங்க கொட்டகை, எங்க மிஷின். போர்டுல அவ பேருதான இருக்கு!”

“போர்டப் பாத்துக் குடுக்க மாட்டாக, அண்ணாச்சி. யாரு கைக்குப் போட்டமோ அந்தக் கையில அடிபட்டாத்தான்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “அப்பன்னா, எனக்குத்தான் அடிபட்டுச்சுன்னு எழுதிரு.”

“கையக் காட்டணுமே, அண்ணாச்சி” என்றான் சபரிநாதன். கேலியாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னான்.

வீட்டுக்காரர் தம் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். பத்து விரலும் முழுசாக இருந்தன. அட்டைக் கீறல்கூட இல்லை. பெரிய தொகைக்குப் பாலிசி போட்ட கைகள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

‘அன்னைக்கே கேட்டேனேக்கா’ என்று சபரிநாதன் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. வாசற்படியில் நின்ற அருணாவாவது சொல்லியிருக்கலாம். அவளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி வைதிருப்பேன். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். இதில் நான் எதிரி என்று நினைத்த அருணாவாவது எதிரியாக இருந்தாளா? அவள் என் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் கட்டோடு வீட்டில் கிடந்தபோது மிஷினில் அவரே நின்றார். வெளி வேலைக்கு ஆளில்லை. இரண்டையும் பார்க்க அவரால் முடியவில்லை. காசிராஜன் லோடைக் குறைத்தார். பாகம் பிரித்த நாளிலிருந்து நான் பயந்தபடியே எங்கள் லோடு வலையைத் தாண்டிப் போனது. ஒருநாள் மத்தியானம் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, சோற்றைப் பிசையக்கூட முடியாமல் உட்கார்ந்தார்.

“நீ எப்பிடிடி நாளு பூரா நின்ன?” என்றார்.

“நான் எங்க நின்னேன்?” என்றேன். “நான் வீட்டுல சும்மாதான இருந்தேன்.”

அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

தீபாவளி வரைக்கும் இருளம்மாளை எங்கள் பக்கம் அனுப்பி வைத்தது அருணாதான். கூலியை நாங்கள்தான் கொடுத்தோம். ஆனால் சீசனில் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவள் தன் மிஷினில் தானே நின்று, வைத்திருந்த ஆளை எங்களுக்கு விட்டுக்கொடுத்தாள். பாதி லோடாவது தங்கியது. ஊரெல்லாம் அவள் பெருமைதான். கொடுக்கிற இடத்திலும் அவள்தான் நிற்க வேண்டுமா? ஒரு தடவையாவது அவள் கேட்டு நான் கொடுக்கிற மாதிரி இந்தச் சாமிகள் ஒரு வழி வைக்கக் கூடாதா?

தையில் நான் கொட்டகைக்குப் போனேன். முதல் வேலையாகத் தூக்கிக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்துக் கீழே விட்டேன். பிறகு வளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன். வலைக்கு அந்தப் பக்கம் அருணா பார்த்தாள். இடது கையால் அட்டை வைக்கப் பழகினேன். வலது கையின் பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே இடுக்கி எடுக்கப் பழகினேன். முதலில் பாதி அட்டை வீணாகியது. கோபத்தில் அட்டைக் கட்டை உதைத்தேன். வீட்டுக்காரர் அதை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். டீக்கடைக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார். இப்போது நானும் அவரும் மாற்றி மாற்றி நிற்கிறோம்.

பாலிசியைப் புதுப்பிக்கிற சமயம் வந்தது. சபரிநாதன் தயங்கித் தயங்கித்தான் படியேறினான்.

“அண்ணாச்சி, போன தடவ மாதிரியே போட்டுருவோமா?”

வீட்டுக்காரர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். “மொதல்ல அவளக் கேளு.”

சபரிநாதன் திரும்பினான். “யக்கா, வலது கையில விரல் போனதயும் எழுதித்தான் எடுக்கணும். போனதுக்கு இனிமே ஒண்ணும் வராது. மிச்சத்துக்குப் போடலாம். எடுத்துக்கிடுவாகளான்னு நான் கேட்டு வச்சிருக்கேன், எடுத்துக்கிடுவாக. தொழில்னு என்ன எழுதட்டும்?”

அருணாவின் மிஷின் நின்றது. அவள் துணியை எடுத்து எண்ணெய் துடைக்கத் தொடங்கினாள். எப்போதும் இந்த நேரம் பார்த்துத்தான் அவள் மிஷினுக்கு எண்ணெய் வடியும். கேட்கட்டும் என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

“பஞ்சிங் மிஷின்ல நிக்கிறேன்னு எழுது. கட்டிக்கிட்டு வந்த வருஷத்துல இருந்து நிக்கிறேன்னு எழுது. அப்பிடி எழுதுறதுக்கு இடம் இல்லாட்டி ஓரத்துலயாவது எழுது.”

அவன் எழுதினான். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம்புட்டுக்குப் போடட்டும்க்கா?”

நான் குனிந்து அவன் காதருகே போனேன். “அருணா எம்புட்டுக்குப் போட்டுருக்கா?”

“அடுத்தவுக கணக்கச் சொல்லக் கூடாதுக்கா.”

“சரி, நீ சொல்லவே வேணாம்” என்றேன். “அதுக்கு மேல போடு.”

வலைக்கு அந்தப் பக்கம் அருணா சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிக்கட்டும். அவளுக்கு விரல் பத்தும் இருக்கிறது, சிரிப்பாள்.